ஃபார்கர் ரென்னியின் துவைக்காத பை

ஸ்காட்லாந்துக் கடலோர ஊரான இன்வர்டோரனின் கடைத்தெருவில் இறைச்சிக்கடை வைத்திருந்த ஃபார்கர் ரென்னிக்கு வாழ்க்கையில் இரண்டே பெருமைகள். ஒன்று, அவர் செய்கிற ஹாகிஸ். ஆட்டின் நுரையீரல், இதயம், கல்லீரல் மூன்றையும் வேகவைத்து அரைத்து, ஓட்ஸும் வெங்காயமும் மிளகும் கலந்து, ஆட்டின் இரைப்பைக்குள்ளேயே திணித்துத் தைத்து மறுபடி வேகவைப்பது. இரண்டாவது, ஊர் வாத்தியக் குழுவின் தலைவராக அவர் வாசித்த பைக்குழல், அதாவது பேக்பைப்: பையில் காற்றை ஊதி அடைத்து, அமுக்கிக் குழல்களை ஒலிக்கவைப்பது. அதுவும் ஆட்டுத்தோல் பைதான். ஆக, ஆட்டின் உள்ளே இருப்பதை ஊருக்குத் தின்னக் கொடுத்துவிட்டு, வெளியே இருப்பதைக் கக்கத்தில் இடுக்கி ஊதி ஊரைத் தூங்கவிடாமல் செய்தார் என்றால் அவர் வாழ்க்கை வரலாறு ஏறக்குறைய முடிந்துவிடும்.

மிச்சம் இருப்பது அவருடைய சொந்த நுரையீரலின் கதை.

தோல்பை காய்ந்தால் காற்று கசியும். ஆகவே வாசிக்கிறவர்கள் அவ்வப்போது உள்ளே எதையாவது ஊற்றிப் பிசைந்து தோலைப் பதமாக வைத்திருப்பார்கள். ஃபார்கர் ஊற்றியது கறுத்த சர்க்கரைப்பாகும் தேனும். ஊற்றுவதில் தப்பில்லை. பழையதை வழித்துக் கழுவிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். ஃபார்கர் கழுவ மாட்டார். கழுவினால் வாத்தியத்தின் குரல் போய்விடும் என்பது அவர் மதம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் சொல்லப்படுகிற எதையும் அவர் இவ்வளவு உறுதியாக நம்பியதில்லை. பாகின் மேல் பாகு, அதன் மேல் தேன், அதன் மேல் வருடக்கணக்காக ஊதிய எச்சில். இனிப்பு, ஈரம், இளஞ்சூடு, இருட்டு. பூஞ்சை குடும்பத்தோடு வந்து குடியேற வேறென்ன வேண்டும்? இது நமக்குத் தெரிகிறது. ஃபார்கருக்குத் தெரியவில்லை.

குழுவில் டூகல் இம்ரி என்று ஒருவர் இருந்தார். ஊரில் சவப்பெட்டி செய்து அடக்கம் நடத்துகிறவர். அவர் ஒருமுறை செயற்கைத் துணியில் செய்த புதுப்பை வாங்கி வந்தார். அதற்கு ஜிப் இருந்தது, திறந்து துடைத்துக் காயவைக்கலாம். ஃபார்கர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்னப்பா இது, மழைக்கோட்டை ஊதப்போறியா?"

"கழுவிக்கலாம் ஃபார்கர். சுத்தமா இருக்கும்."

"சுத்தமா இருக்கணும்னா புல்லாங்குழல் வாசி. இது ஆம்பளை வாத்தியம்."

டூகல் பின்வரிசைக்கு அனுப்பப்பட்டார். அங்கே நின்றபடி அவர் அமைதியாகக் காத்திருந்தார். அவர் தொழிலில் பொறுமைதான் முதல்.

இருமல் ஓர் இலையுதிர் காலத்தில் தொடங்கியது. முதலில் வறட்டு இருமல். பிறகு வியாழக்கிழமை ஒத்திகை முடிந்த இரவில் குளிர்காய்ச்சல். பிறகு தேவாலய மேட்டில் ஏறும்போது பாதியில் நின்று, கடலைப் பார்த்து ரசிப்பதுபோல் நடிப்பு. கடலைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அவர், ஒருநாளும் ரசித்ததில்லை. அவர் மனைவி எல்ஸ்பெத் அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் கூட ஆகவில்லை.

"டாக்டர்கிட்ட போ."

"எதுக்கு? நுரையீரல் சோம்பேறியாயிடுச்சு, அவ்வளவுதான். வயசாச்சுல்ல. வேலை வாங்கினா தேறும்."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? தினம் கையில எடுத்து அரைக்கிறேன். எனக்குத் தெரியாத நுரையீரலா?"

இந்த ஒரு வாதத்தில் இரண்டு வருடம் போயிற்று. நுரையீரலைத் தினமும் அரைக்கிறவனுக்கு அதைப் பற்றி எல்லாம் தெரியும் என்றால், டூகல் இம்ரிக்கு மனிதர்களைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஃபார்கர் தன் வைத்தியத்தைத் தானே ஆரம்பித்தார். இருமல் கூடினால் ஊதுவதைக் கூட்டுவது. காலையில் கடை திறக்குமுன் அடுப்படியில் நின்று அரைமணி நேரம். சாயங்காலம் இன்னொரு அரைமணி. ஊதி முடித்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், உதடு நீலம் பாய்ந்திருக்கும், நெற்றி வியர்த்திருக்கும். "பார்த்தியா, நல்லா வேலை செஞ்சிருக்கு" என்பார். எல்ஸ்பெத்துக்கு அவரை அடிக்கலாமா அழலாமா என்று தெரியாது.

கால்சட்டை இடுப்பில் நிற்காமல் வழிய ஆரம்பித்த பிறகுதான் அவர் டாக்டரிடம் போனார். அதுவும் தானாக அல்ல. டூகல் இம்ரி தெருவில் எதிரே வந்து, கையைப் பிடித்து நலம் விசாரித்து, தலையிலிருந்து கால்வரை ஒருமுறை மெதுவாகப் பார்த்துவிட்டுப் போனார். அளவெடுக்கிற பார்வை. ஃபார்கர் நேராகப் போய் டாக்டர் மோர்வெனின் வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் மோர்வென் ஊருக்குப் புதிது, வயதும் குறைவு, ஆனால் ஆளை நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறவர். முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். உறைபனியில் நடக்கிற சத்தம் வருகிறது என்றார். நகரத்துக்கு அனுப்பி நெஞ்சைப் படம் எடுக்க வைத்தார். படத்தில் இரண்டு பக்கமும் மூட்டமாக இருந்தது. மூச்சோடு உள்ளே போகிற ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் நுரையீரல் புண்ணாகியிருக்கிறது, அது எது என்றுதான் கண்டுபிடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

"வீட்டுல புறா வளர்க்குறீங்களா?"

"இல்ல டாக்டர்."

"வைக்கோல் கிடங்கு, மாவு மில், அந்தப் பக்கம் போற பழக்கம்?"

"இல்ல."

"வேற பறவை ஏதாவது?"

"ஒரு குட்டிக் கிளி இருக்கு. அவளோடது. பேரு பிஷப்."

"இறகுத் தலையணை?"

"அதுவும் அவளோடதுதான்."

"வேற எதையாவது மூச்சுல உள்ள இழுக்குறீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

ஃபார்கர் நன்றாகவே யோசித்தார். அவர் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. பைக்குழலை அவர் ஊதுகிறார். காற்று அவரிடமிருந்து பைக்குப் போகிறது. பையிலிருந்து அவரிடம் எதுவும் வருவதாக அவர் கனவிலும் நினைத்ததில்லை. கேட்டது உள்ளே இழுப்பதைப் பற்றி. ஆகவே இல்லை என்றார்.

அன்றைக்கே பிஷப் கூண்டோடு எல்ஸ்பெத்தின் தங்கை வீட்டுக்குப் போயிற்று. இறகுத் தலையணை போயிற்று. கல்யாணத்துக்கு வந்த இறகு மெத்தை போயிற்று. அடுப்படிச் சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தார்கள். ஜன்னல் ஓரத்துப் பூந்தொட்டிகள், மண்ணில் ஏதாவது இருக்கலாம் என்று, தெருவுக்குப் போயின. எல்ஸ்பெத்துக்குப் பிரியமான பொருள் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டிப் போக, பைக்குழல் அடுப்புக்கு மேல் ஆணியில் கதகதப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இருமல் அப்படியே இருந்தது.

நடுவில் ஒருமுறை நகரத்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். ஒரே வாரத்தில் இருமல் பாதியாகக் குறைந்து, ஃபார்கர் நர்சுகளிடம் சாப்பாட்டைப் பற்றிச் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் முதல் காரியமாகப் பையை எடுத்து ஊதினார். அன்று ராத்திரியே காய்ச்சல். ஆஸ்பத்திரிக் காற்றுதான் கெடுத்துவிட்டது என்றார்.

பிறகு மாசி மாதக் குளிரில் அவருக்கு முன்பல் ஒன்று உடைந்தது. ஈறு வீங்கி, ஊதுகுழலை வாயில் வைக்கவே முடியவில்லை. ஒத்திகைக்குப் போகவில்லை. எல்ஸ்பெத் கவனித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் வரவில்லை. மாடிப்படி ஏறும்போது நிற்கவில்லை. ஒருநாள் அவர் இரண்டாவது தட்டு உருளைக்கிழங்கு கேட்டார். பல் சரியானது. ஊதினார். மறுபடி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எல்ஸ்பெத் கரண்டியை வைத்துவிட்டு ஆணியில் தொங்கியதைப் பார்த்தாள்.

"யோவ். அதுதான்."

"எது?"

"அந்தப் பை. அதுதான் உன்னைக் கொல்லுது."

"உளறாத. அதுக்குள்ள நான் ஊதறேன் எல்ஸ்பெத். அது எனக்குள்ள ஊதல."

"பல்லு உடைஞ்சப்ப நல்லா இருந்த. ஆஸ்பத்திரில நல்லா இருந்த. அங்கெல்லாம் எது இல்ல? இது இல்ல."

"நீயும்தான் இல்ல ஆஸ்பத்திரில."

"பல்லு உடைஞ்சப்ப நான் இருந்தேனே. தினம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேனே."

வாதத்தில் தோற்றால் செய்வதை ஃபார்கர் செய்தார், அதாவது கடைக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் எல்ஸ்பெத் பையைக் கழற்றிக் காய்கறிப் பைக்குள் போட்டுக்கொண்டு டாக்டர் மோர்வெனின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். என் கிளியையும் மெத்தையையும் துரத்தினீர்களே, இதையும் கொஞ்சம் பாருங்கள் என்றாள். டாக்டர் குழலைப் பிடுங்கி, விளக்கடித்து உள்ளே ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். பிறகு முகமூடி போட்டுக்கொண்டு வந்து இரண்டாம் முறை பார்த்தார்.

நகரத்துச் சோதனைக்கூடத்திலிருந்து பதில் வந்த அன்று இரண்டு பேரையும் அழைத்தார்.

"பச்சை, கறுப்பு, ரோஸ், எல்லாக் கலர்லயும் பூஞ்சை இருக்கு மிஸ்டர் ரென்னி. சில ஜாதியை அவங்க இவ்வளவு செழிப்பா பார்த்ததே இல்லையாம்."

ஃபார்கரின் முகத்தில் ஒரு நொடி பெருமை எட்டிப் பார்த்ததை எல்ஸ்பெத் கவனித்தாள். இப்படிப்பட்ட ஆளோடுதான் அவள் முப்பது வருடமாகக் குடித்தனம் செய்கிறாள்.

"ஆனா நான் ஊதத்தானே டாக்டர் செய்யறேன்."

"ஊதறதுக்கு நடுவுல மூச்சு இழுப்பீங்கல்ல? ஊதுகுழல் அடியில, காத்து திரும்பி வராம தடுக்கிற தோல் மூடி பிஞ்சு தொங்குது. பையில இருக்கிறது நேரா உங்க வாய்க்குத்தான் திரும்ப வருது. வராட்டியும், மேல இருக்கிற குழல் வழியா அடுப்படி பூரா தூள் பறக்கும்."

டாக்டர் தொடர்ந்தார்.

"உங்க நுரையீரல்ல கோடிக்கணக்குல குட்டிக்குட்டிக் காத்துப்பை இருக்கு. அது சுவர்ல தட்டையா சில செல்லுங்க, தரைக்கு ஓடு பாவின மாதிரி படுத்திருக்கும். அவ்வளவு மெல்லிசு. அது வழியாத்தான் காத்து ரத்தத்துக்குப் போகணும். இந்தத் தூள் உள்ள போனதும் உடம்பு அதோட சண்டைக்கு நிக்குது. சண்டையில அந்த ஓடுங்க உடைஞ்சிடுது."

"உடைஞ்சா போச்சா?"

"போகல. மூலைக்கு மூலை உருண்டையா வேற செல்லுங்க உட்கார்ந்திருக்கும். சும்மா இருக்கிறப்ப, காத்துப்பை ஒட்டிக்காம இருக்க ஒரு வழவழப்பைச் சுரந்துக்கிட்டுக் கிடக்கும். ஓடு உடைஞ்சா அதுங்கதான் எழுந்து வரும். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், காலியா கிடக்கிற இடத்துக்கு நகரும், அப்புறம் அதுங்களே தட்டையாகிப் படுத்து ஓடா மாறிடும்."

ஃபார்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்புறம் என்ன டாக்டர்? அதுங்க பாட்டுக்கு ஓடு பாவட்டும், நான் பாட்டுக்கு ஊதறேன்."

"பாவி முடிக்கிறதுக்குள்ள நீங்க போய் மிதிக்கிறீங்களே. தினம் ரெண்டு வேளை. எத்தனை தடவை பாவும்? ஒரு கட்டத்துல உடம்புக்கு வெறுத்துப் போயிடும். இவன் திருந்த மாட்டான்னு சிமெண்ட்டைக் கொட்டிப் பூசிட்டுப் போயிடும். அதுதான் தழும்பு. தழும்பு வழியா காத்து போகாது. அது திரும்ப ஓடாவும் மாறாது."

ஃபார்கருக்குத் தழும்பு தெரியும். வெட்டுக்கட்டையில் பஞ்சுபோல் கிடக்கிற ஆட்டு நுரையீரலில் கத்தி இறங்கும்போது, சில சமயம் ஒரு இடத்தில் நறநறவென்று நிற்கும். வெளுத்து, கெட்டியாக, ரப்பர்போல் இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்காது. அதை அவர் அரைப்பதில்லை. குப்பைத் தொட்டியில் வீசிவிடுவார்.

"அந்த மாதிரி நுரையீரலை நான் ஹாகிஸ்ல போட மாட்டேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

அவருக்குப் பயமாக இருந்தது. எல்ஸ்பெத் அவர் கையைப் பிடித்தாள், அவர் பிடுங்கிக்கொள்ளவில்லை.

"உங்களது இன்னும் அங்க போகல" என்றார் டாக்டர். "ஓரத்துல கொஞ்சம் தழும்பு விழுந்திருக்கு. அது போனது போனதுதான். மத்ததெல்லாம் வீக்கம். விட்டா அதுவே சரி பண்ணிக்கும். மாத்திரை தர்றேன்."

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக்கூடாது. நான் சொல்ற வரைக்கும் எந்தப் பையையும் ஊதக்கூடாது. ஊதறவங்க பக்கத்துலயும் நிக்காதீங்க."

"ஒண்ணும் செய்யாம எப்படி டாக்டர் இருக்கறது?"

"எனக்குத் தெரியும் டாக்டர்" என்றாள் எல்ஸ்பெத். "பாத்திரம் கழுவுற நேரத்துல இந்த ஆள் அதைத்தான் செய்வாரு. அதையே நாள் பூரா செய்யட்டும்."

அந்த வசந்தமும் கோடையும் இன்வர்டோரனில் யாரும் மறக்கமாட்டார்கள். மாத்திரை பசியைக் கிளப்பியது, கோபத்தையும் கிளப்பியது. ஃபார்கர் கடைக்கு வருகிறவர்களோடு சண்டை போட்டுவிட்டு அவர்கள் வாங்க வந்த சாசேஜைத் தானே தின்றார். கல்லாவில் நிற்கும்போது விரல்கள் தாமாகவே மேசையில் தாளம் போட்டன. விழாக் காலத்தில் குழு தெருவில் வாசித்துப்போனபோது குளிர்பதன அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். வாழ்நாள் முழுக்க எதையும் முட்டி மோதித்தான் அவர் சரிசெய்திருக்கிறார். இப்போது உள்ளே யாரோ சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்க, முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அவருக்கு அது புரியவே இல்லை.

"உள்ள வேலை நடக்குதா இல்லையா, ஒரு சத்தமும் காணோமே" என்பார் எல்ஸ்பெத்திடம்.

"சத்தம் கேட்டாத்தான் வேலைன்னு உனக்கு யார் சொன்னா? நான் வீட்டு வேலை செய்யறப்ப மேளமா அடிக்கிறேன்?"

டாக்டரிடம் போய், மூச்சின் அளவு பார்க்கும் குழாயில் ஊதிக் காட்டும்போது கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. தேவாலய மேட்டில் நிற்காமல் ஏறினார். உதட்டு நீலம் போயிற்று. ஆனால் டாக்டர் இன்னும் விடவில்லை, கிறிஸ்துமஸ் முடிந்து இன்னொரு படம் எடுத்த பிறகுதான் மறுபடி வாசிப்பதைப் பற்றிப் பேச்சு என்றார். அதற்கு முன்னால் நவம்பர் கடைசியில், ஸ்காட்லாந்தின் காவல் புனிதரான ஆண்ட்ரூவின் திருநாள் விருந்து வந்தது.

ஊர்க்கூடத்தில் அந்த விருந்துக்கு ஹாகிஸ் சும்மா வராது. சமையல்காரர் தட்டில் ஏந்தி வர, முன்னால் ஒருவர் பைக்குழல் வாசித்து நடக்க, எல்லோரும் எழுந்து நின்று கைதட்டி வரவேற்க வேண்டும். எத்தனையோ வருடமாக முன்னால் நடந்தவர் ஃபார்கர். இந்த வருடம் ஹாகிஸ் மட்டும் அவருடையது, நடப்பது டூகல் இம்ரி. ஃபார்கர் தூரத்து மூலையில், திறந்த ஜன்னல் பக்கத்தில், எல்ஸ்பெத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயிறு எரிந்தது. எரியவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. கில்ட் எனும் கட்டம்போட்ட பாவாடை, தொப்பி, எல்லா அலங்காரத்தோடும் டூகல் உள்ளே வந்தார். பதற்றத்துக்கு மருந்தாக இரண்டு கிளாஸ் விஸ்கி போட்டிருந்தது முகத்தில் தெரிந்தது. நாலு அடி நன்றாக வந்தார். ஐந்தாவது அடியில் ராகம் வழிதவறியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார், மறுபடி அதே இடத்தில் தவறியது. பை ஒரு நீண்ட முனகலோடு அடங்கியது. பின்னால் சமையல்காரர் ஆவி பறக்கும் ஹாகிஸோடு கதவருகே நின்றுவிட்டார். கூடமே எழுந்து நின்று, கைதட்டுவதா உட்காருவதா என்று தெரியாமல் விழித்தது.

எல்லாத் தலையும் மூலைப் பக்கம் திரும்பின. குழுவில் வாசிக்கிற ஒருவர் தன் பைக்குழலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஃபார்கரிடம் நீட்டினார். தோல்பை. ஃபார்கர் சொன்னபடியே பாகும் தேனும் ஊற்றி, ஃபார்கர் சொன்னபடியே ஒருநாளும் கழுவாதது.

"ஒரே ஒரு பாட்டு ஃபார்கர். மேசை வரைக்கும் வந்துட்டா போதும்."

ஃபார்கர் அதை வாங்கினார். இடது கக்கம் தானாகவே திறந்து அதற்கு இடம் விட்டது. எல்ஸ்பெத் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கத்தவில்லை, கையைப் பிடிக்கவும் இல்லை. இத்தனை மாதம் உள்ளே ஓடு ஓடாகப் பாவியது எல்லாம் இந்த ஒரு பாட்டில் மிதிபடப் போகிறது என்று நினைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, எது முந்தியது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஃபார்கர் பைக்குழலைக் கவனமாக ஜன்னல் திட்டில் வைத்தார். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார்.

குழலைக் கையில் தருவதற்கு முன்னால் ராகத்தை வாயால் பாடித்தான் பைக்குழல் கற்கிற எல்லோருக்கும் சொல்லித்தருவார்கள். ஹின், ஹோ, டாரோ, ஹிடின் என்று அர்த்தமில்லாத சொற்கள். அடுப்படியில், வயலில், படகில் முணுமுணுக்கலாம். ஊர்க்கூடத்தில் விருந்தாளிகள் முன்னால் எவரும் பாடியதில்லை. ஃபார்கர் பாடினார். அவர் குரலுக்கு ஆட்டின் குரல் எவ்வளவோ தேவலாம். மூலையிலிருந்து கதவுக்கு நடந்து, டூகலின் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தி, சமையல்காரரைத் தலையசைத்துப் பின்னால் வரச்சொல்லி, கூடத்தின் நடுவே நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசிப் பாடிக்கொண்டே நடந்தார். முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு தாளம் தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ராகத்தின் மேல் பகுதி வந்தது, மூச்சு நீளமாக வேண்டிய இடம், அதையும் எடுத்து, முடித்து, தட்டு மேசையில் இறங்குகிறவரைக்கும் பாடினார்.

முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. தொப்பை வைத்த ஒரு மனிதன் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குக் கத்திக்கொண்டே நடந்தால் எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான். அவர் இருமவில்லை. எல்ஸ்பெத் காத்திருந்தாள். அவர் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார், கத்தியை எடுத்து ஹாகிஸைக் கீறினார், பக்கத்தில் இருந்தவரிடம் மிளகு போதுமா என்று கேட்டார். அப்போதும் இருமவில்லை.

எல்ஸ்பெத் அழுதாள். ஊர் முழுக்கப் பார்க்கிறது என்ற கூச்சமே இல்லாமல், மேசைவிரிப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதாள். டூகல் இம்ரிக்குப் பொறுக்கவில்லை. தன்னால் விருந்து கெட்டுவிட்டதென்று நினைத்துக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி அவளருகே வந்து குனிந்தார்.

"மன்னிச்சிடு எல்ஸ்பெத். அடுத்த வருஷம் ஒழுங்கா வாசிக்கிறேன்."

"வேணாம் டூகல்" என்றாள் அவள். "நீ வருஷா வருஷம் இப்படியே வாசி."